பாடலியில் எழுதப்பெற்ற பேரெண்

(நெய்வேலி நகரியத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நெய்வேலிக்கு வடகிழக்கே, இதே கடலூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது திருப்பாதிரிப்புலியூர். காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி முனிவர் 'லோகவிபாகம்' என்னும் நூலைப் பாடலிகம் என்ற ஊரில் எழுதினார். அவ்வூர் திருப்பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் பலரின் கருத்து.

அந்நூலில் 1310,72,00,000 என்னும் பேரெண் வருகிறது. நூறு, ஆயிரம், கோடி என்னும் சொற்கள் இன்றி, ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி ஒவ்வோர் இலக்கமாக அது சொல்லப்படுகிறது. வெற்றிடத்தைக் குறிக்கச் சூன்யம் என்றும், வானத்தைக் குறிக்கும் அம்பரம் என்றும் சொற்கள் ஆளப்படுகின்றன. இலக்கத்தின் மதிப்பை அதன் இடமே தருகிறது. அவ்விடத்தைக் காப்பது சூன்யம்.

இவ்வெண் கற்பனையாகக் கூறப்பட்டதன்று, கணக்கில் விளைந்தது. ஜம்பூத்வீபத்தின் விட்டம் 1 லட்சம் யோசனை. அதனைச் சூழ்ந்த லவண சமுத்திரத்தின் அகலம் 2 லட்சம். அடுத்த தாதகீகண்டம் 4 லட்சம். இவ்வாறு இரட்டித்துச் சென்றால், எட்டாம் தீவாகிய நந்தீஸ்வரத்தின் அகலம் 163 கோடியே 84 லட்சம் யோசனை ஆகும். மேலும் மும்முறை இரட்டித்தால் கிடைப்பது இப்பேரெண். மொத்தம் 17 இரட்டிப்புகள்.

சுரங்கத்தில் மேல்மண்ணை அடுக்கடுக்காக அகற்றுவதுபோல இவ்வெண்ணைப் பாதி பாதியாகக் குறைத்தால், 22 முறைக்குப்பின் 3125 என்னும் ஒற்றைப்படை எண் எஞ்சும். அதுவோ ஐந்தை ஐந்து முறை பெருக்கிய தொகை. ஆகவே 2, 5 என்னும் இரு பகா எண்களே இதன் காரணிகளாகும் பகா எண்கள். இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 138. இது முழு வர்க்கம் அன்று; எனினும் 51,200, 1,02,400 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை. பாதியாக்கும் முறைகளை எண்ணும் கணக்கை 'அர்த்தச்சேதம்' என்னும் பெயரால் வீரசேனாசாரியர் தவளா உரையில் கையாண்டுள்ளார்.

ஆகமங்கள் எண்களை எண்ணத்தக்க சங்கியாதம், எண்ணிலடங்கா அசங்கியாதம், முடிவற்ற அனந்தம் என மூவகைப்படுத்தும். இத்துணைப் பெரிய எண்ணும் முதல் வகையிலேயே அடங்குகிறது. மனிதன் மலைக்கும் அளவு வேறு, எண்ணிக்கையின் எல்லை வேறு என்பதை இப்பகுப்பு உணர்த்துகிறது.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். சர்வநந்தியின் மூலநூல் இன்று கிடைக்கவில்லை. சிம்மசூரி பிற்காலத்தில் வடமொழியில் ஆக்கிய வடிவமே எஞ்சியுள்ளது. ஆதலின் சூன்யம் இங்கேதான் பிறந்தது என்று முழங்குவது பொருந்தாது; ஆய்ந்து கூறுவதே நற்காட்சியுடையார்க்கு அழகு. ஒருவர் மீண்டும் எழுதி வைத்தமையால் ஒரு பேரெண் பிழைத்தது. இல்லங்களிலும் ஜினாலயங்களிலும் உறங்கும் ஏடுகளில் எவை உள்ளன என்பதைப் படித்தறிந்தோரே கூறவியலும். பிள்ளைகளுக்கு அவ்வேடுகளைப் படிக்கக் கற்பித்தலும் ஞான தானமே.

அறம் வளர்க! அறிவு ஓங்குக!