அடுப்பைப் பேணுதல்

(திருவேங்கடத்தில் நடைபெற்ற நம் சங்க மாதக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



தமிழாசிரியன் ஒருவன் மேடையேறினால் இலக்கியம் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ எரிவாயு அடுப்பைத் துப்புரவு செய்து பேணுதல் என்பதாம். இஃது அற்ப விஷயமன்றோ எனச் சிலர் கருதலாம். அங்ஙனம் கருதுதல் தவறென்பதை அடுப்பு என்னும் சொல்லே உணர்த்தும். 'அடு' என்னும் வினைக்குச் சமைத்தல் என்பதும் பொருள். கொல்லுதல் என்பதும் பொருள். அடுக்களை, அட்டில் என்னும் சொற்களும் அப்பகுதியிற் பிறந்தனவே. சோறாக்கும் தீயே வீட்டையும் அழிக்க வல்லது என்பதை நம் முன்னோர் ஒரே சொல்லில் அடக்கி வைத்தனர் போலும்!

நம் கரிசற்சீமையில் அடுப்பெரித்தவை பருத்திமாரும், வேலிக்கருவை விறகும், எருவாட்டியுமே. பின்னர் மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் எரிவாயு 1965-ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் முதன்முதல் வழங்கப்பெற்றது. எனினும் ஏழை எளியோர் இல்லங்களை அது எட்டப் பல்லாண்டுகள் சென்றன. 2007-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசு இலவச எரிவாயு அடுப்புக்களை வழங்கிற்று. 2016 மே 1-ஆம் தேதி மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கிற்று. புகையூதி இருமிய நம் தாய்மார் கண்ணீர் துடைத்தனர். இவை யாவும் மகிழ்ச்சிக்குரியனவே. ஆனால் அடுப்பு வந்த வேகத்தில் அதனைப் பேணும் அறிவு நம்மிடை வந்ததா? இல்லை என்பதற்கு நம் வீடே சாட்சி.

சென்ற ஆண்டில், இரண்டு மாதம் வரவேண்டிய சிலிண்டர் நம் வீட்டில் ஒன்றரை மாதத்திலேயே தீர்ந்துபோயிற்று. பாத்திரங்களின் அடியெல்லாம் கரி படிந்தது. 'சிக்கனம் அறியாய்' என்று இல்லாளைக் கடிந்துகொண்டோம். அவர், "பர்னர் அடைத்திருக்கிறது, டியூப்பும் வெடித்துக் கிடக்கிறது, புதிது வாங்கி வாருங்கள்" என்று பலமுறை சொல்லியிருந்தார். நாமோ, 'தேர்வுத்தாள் திருத்தும் வேலை முடியட்டும். சம்பள நாள் வரட்டும்' எனத் தள்ளிவந்தோம். பிள்ளைகளுக்கு 'அன்றறிவாம் என்னாது' செயலாற்றும்படி வகுப்பிற் கற்பிக்கும் நாம் வீட்டில் ஒழுகியது இவ்வாறு!

ஒருநாள் விடியற்காலை இருளில் அடுக்களைக்குட் சென்றோம். நாற்றம் மூக்கில் ஏறிற்று. யாதென்று பார்க்க விளக்கின் சுவிச்சின்மேற் கை வைத்தோம். அவ்வளவில் பின்னே படுத்திருந்த அன்னையார், "ஐயா, சுவிச்சைத் தொடாதே! கதவைத் திற!" என்று கூவினார். வாழ்நாளெல்லாம் விறகடுப்பில் வெந்த எண்பது வயது மூதாட்டிக்குத் தெரிந்தது, பண்டிதர்க்குத் தெரிந்திலது. அக்கை இன்னும் ஒரு விரற்கடை சென்றிருப்பின் இன்று உங்கள்முன் நின்று பேச நாம் இருந்திருப்போமா என்பது ஐயமே. பழுது பார்க்க வந்தவர் வெடித்த டியூப்பை வளைத்துக் காட்டியபோது இல்லாளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க நமக்கு நாணமாயிருந்தது.

நிற்க. அன்று முதல் நாம் கற்றவற்றைச் சொல்லுவோம்.

அடுப்பில் எரிவது புரோப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களின் கலவை. அதற்கு இயல்பாக மணமில்லை. கசிவை அறிவிக்கும்பொருட்டே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைச் சேர்க்கின்றனர். அது காற்றினும் கனமுடையதாதலின் மேலே செல்லாது. தண்ணீர் போலத் தரையிற் பரவித் தங்கும். நாற்றம் வரின் செய்யத்தக்கது யாதெனின்: தீக்குச்சி கிழிக்கலாகாது, மின்சுவிச்சைப் போடவும் ஆகாது, அணைக்கவும் ஆகாது. ரெகுலேட்டரை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, அனைவரையும் வெளியேற்றி, வெளியே நின்று 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவித்தல் வேண்டும். கசிவைச் சோதிக்கச் சோப்புநீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்த்தலே முறை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்னும் தீப்பெட்டி ஊர்கள் சூழ வாழும் நம்மவர் எதற்கும் குச்சியைக் கிழிக்கும் பழக்கத்தை இவ்விடத்து மறத்தல் நன்று.

இனிச் சுடரைக் கவனிமின். நீலச்சுடரே நற்சுடர். மஞ்சளாய் ஆடினால் வாயுவோடு காற்றுச் சரிவரக் கலக்கவில்லை என்பது பொருள். எரியாத கரியே பாத்திரத்தில் மையாய் ஒட்டுகிறது. அதனோடு மணமற்ற நச்சுவாயுவாகிய கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். வாயுவும் காற்றும் முன்னரே கலந்து எரியும் முறையை 1855-ஆம் ஆண்டளவில் தம் விளக்கிற் கையாண்டவர் ஜெர்மானிய அறிஞர் புன்சன். நம் அடுப்பும் அத்தத்துவத்தாலேயே எரிகின்றது. பொங்கி வழிந்த பாலும், கஞ்சியும், தாளித்த எண்ணெயும் பர்னர்த் துளைகளை அடைக்கும். அடியிலுள்ள குழலிற் சிலந்தி கூடு கட்டுதலும் உண்டு. இவையே சிலிண்டர் விரைவில் தீர்வதற்குக் காரணம். இல்லாளின் கைத்தாராளம் அன்று!

துப்புரவு செய்யுங்கால் முதலில் ரெகுலேட்டரை மூடுக. அடுப்பு நன்றாக ஆறியபின் பர்னர்களைக் கழற்றுக. பித்தளைப் பர்னராயின் வெந்நீரிற் புளி கரைத்து அரைமணி நேரம் ஊறவிட்டுத் தேய்க்கலாம். அலுமினியக் கலவையாயின் புளி ஆகாது, சோப்புநீரே போதும். அடைத்த துளைகளை ஊக்குமுனையாற் குத்தி எடுக்குக. ஆனால் உள்ளேயுள்ள ஜெட் என்னும் நுண்துளையில் ஊசி நுழைக்கற்க. துளை பெரிதாயின் வாயு மிகுந்து கேடாம். அதனையும், திருகுகுமிழ் இறுகுதலையும் பழுது பார்ப்போரிடம் விடுக. கழுவிய பர்னரில் ஈரம் சிறிதும் இன்றி வெயிலில் உலர்த்திய பின்னரே மாட்டுக. அடுப்பின்மேல் நீரைக் கொட்டாது ஈரத்துணியால் துடைத்தலே தக்கது. கண்ணாடி மேற்பரப்பாயின் சூட்டோடு குளிர்நீர் பட்டால் வெடிக்கும்.

ஆரஞ்சு நிறச் சுரட்சா டியூப்பின்மேல் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். ஐந்தாண்டுக்கொருமுறை அதனை மாற்றுதல் கட்டாயம். வெடிப்புக் கண்டால் அன்றே மாற்றுக. சிலிண்டரின் கழுத்துப்பட்டையில் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துக்களுள் ஒன்றும் ஆண்டும் இருக்கும். ஏ என்பது மார்ச்சு, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர் வரை என்று கொள்க. அத்தவணை கடந்த சிலிண்டரை வாங்காது திருப்பி அனுப்புக. சிலிண்டரைப் படுக்க வையாது நிமிர்த்தியே வைக்க; அடுப்பு அதனினும் உயர்ந்த மேடையில் இருத்தல் வேண்டும்.

அன்பர்களே! அடுக்களை பெண்பாலார்க்கே உரியது என்று சொல்லி ஒதுங்கும் ஆடவர்க்கு ஒரு வார்த்தை. தீப்பற்றினால் அது ஆண் பெண் என்று பாராது. நம் வீட்டில் இப்பொழுது மாதத்தின் முதல் ஞாயிறன்று பர்னர் கழுவுபவர் நாமே. சிலிண்டர் இப்போது இரண்டு மாதம் வருகின்றது, பாத்திரத்திற் கரியில்லை, இல்லத்திற் சச்சரவுமில்லை.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட, முதியோர் தனித்து வாழும் வீடுகள் நம்முட் பல. அவர்கள் கண்ணுக்கு டியூப்பின் வெடிப்புத் தெரியாது. நம் இளைஞர் இருவர் இருவராய் அவ்வீடுகட்குச் சென்று டியூப்பின் ஆண்டைப் பார்த்து, மாற்ற வேண்டியவற்றைக் குறித்து வரட்டும். இயலாதார்க்கு அச்செலவைச் சங்கநிதி ஏற்கட்டும். கலியாண வீடுகளில் ஆளுயர மாலைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறுபகுதி இதற்குப் போதும். இத்தீர்மானத்தை இன்றே நிறைவேற்றுவீர்களாயின் முதல் இரண்டு வீடுகளுக்கு நாமே சென்று வருவோம். நாளை என்று தள்ளியதன் பயனை நாம் ஒருமுறை கண்டுவிட்டோம், நீங்கள் காணவேண்டா.