வீதியின் அடியில் நமது உரிமை



ஒளியிழை என்பது கண்ணாடியாலான மெல்லிய நூல். அதன் பருமன் ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு. இணையமும் தொலைபேசியும் ஒளியாகி அதனூடே ஓடுகின்றன. அந்நூல் கிடக்கும் மண்ணைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

இழையை விட, வீதியைத் தோண்டி மூடுவதற்கே பெருஞ்செலவாகிறது. வேகம் போதாதெனில் இரு முனைகளிலுமுள்ள கருவிகளை மாற்றலாம். புதைத்த இழை அப்படியே இருக்கும். குழாயில் இடமில்லையெனிலோ வீதியை மறுபடியும் உடைக்க வேண்டும். இன்றைய பத்து ஏக்கருக்கு மட்டும் அளந்து வாய்க்கால் வெட்டியவன், நாளை காடு திருத்தி வயலாக்கினால் வரப்பை உடைத்தே தீர வேண்டுமன்றோ?

சுவீடனின் ஸ்டொக்ஹோம் மாநகரம் 1994ஆம் ஆண்டிலேயே இதனை உணர்ந்தது. ஸ்டோகாப் என்னும் கம்பனியைத் தன் சொந்த உடைமையாக நிறுவி இழைகளைப் புதைத்தது. வீடுகளுக்கு இணையம் விற்கும் தொழிலில் அக்கம்பனி இறங்கவில்லை. ஒளியேற்றாத வெற்றிழைகளை எல்லாக் கம்பனிகளுக்கும் ஒரே நிபந்தனையில் வாடகைக்கு விட்டது. கம்பனிகள் தம்முள் போட்டியிட, அடிப்படைப் பாதை மாநகரத்தின் கையிலேயே நின்றது.

நமது நிலை என்ன? 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, சேவைக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் கொழும்பில் இருக்கிறது. அது மாறும்வரை கைகட்டி நிற்பதா? சபைக்குரிய வீதிகள் சபையின் பொறுப்பிலல்லவா இருக்கின்றன?

ஆகவே, நமது உள்ளூராட்சி சபைகளிடம் நான்கு கோரிக்கைகளை வைக்கின்றேன்.

ஒன்று: குடிநீருக்கோ வடிகாலுக்கோ வீதி தோண்டப்படும்போதெல்லாம் வெறுங்குழாய்கள் சிலவற்றையும் சேர்த்துப் புதையுங்கள்.

இரண்டு: பிரதான பாதையை வளையமாக அமையுங்கள், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கத்தால் ஓடும்.

மூன்று: சந்திகள்தோறும் மூடியிட்ட குழிகள் அமைத்து, இழைகளில் ஒரு பங்கை இணைக்காது ஒதுக்கி வையுங்கள். நாளை எழும் குடியிருப்புக்கும் பாடசாலைக்கும் அதுவே வாசல்.

நான்கு: எங்கே, எந்த ஆழத்தில், என்ன கிடக்கிறதென்று வரைபடமும் பதிவேடும் பேணுங்கள்.

ஒரு வழக்கறிஞன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. முழு வீதியையும் தனக்கே தருமாறு ஒரு கம்பனி கேட்டு வரலாம். இலவசமாகவே புதைத்துத் தருவதாகவும் சொல்லலாம். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். காணியைக் குத்தகைக்குக் கொடுத்தவன் தவணை முடிவில் மீட்டுக்கொள்வான். உறுதி எழுதி விற்றவன் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

உங்கள் வீதியை அடுத்த முறை தோண்டும்போது சபை உறுப்பினரைக் கேளுங்கள்: "குழாய் எங்கே? அது யாருடையது?" இந்தக் கேள்வி ஒவ்வோர் ஊரிலும் எழவேண்டும்.