சேலை கட்டிய குற்றம்
(ஐயம்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீங்கள் பட்டு நெய்கிறவர்கள். ஆகையால் சேலையைப் பற்றியே பேசுகிறோம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு வைகாசி உற்சவத்தில் ஒரு நாள் சேலை கட்டி, நகை பூட்டி, மோகினியாகப் பல்லக்கில் தூக்கி வருகிறார்கள். ஆண் சாமி பெண்ணுடை தரிக்கலாமா என்று எந்த வைதீகராவது ஆட்சேபித்ததுண்டா? அந்த மோகினியிடம் சிவன் மயங்கிப் பிள்ளை பிறந்ததாகப் புராணமும் எழுதி, அந்தப் பிள்ளைக்கு மாலை போட்டு மலையும் ஏறுகிறார்கள். சாமி செய்தால் லீலை!

மனிதன் செய்தால்? 1860-ல் வெள்ளைக்கார சர்க்கார் எழுதிய இந்தியன் பீனல் கோடு 377-வது பிரிவு, ஆணும் ஆணும் கூடுவதை இயற்கைக்கு விரோதம் என்று சொல்லி ஆயுள் தண்டனை வரை வைத்தது. இயற்கையை ஆராய்ந்தா எழுதினார்கள்? பாதிரிமாரின் பாவப் பட்டியலைப் பார்த்து எழுதினார்கள்.

அதோடு விட்டார்களா? 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதியைக் கேளுங்கள். வடமேற்கு மாகாணம், அயோத்தி, பஞ்சாப் பக்கத்துத் திருநங்கையரை, 377-க்கு உட்பட்ட காரியம் செய்கிறார்கள் என்ற சந்தேகத்தின் பேரிலேயே ரிஜிஸ்தரில் ஏற்றலாம். பெயர் ஏறியவர் தெருவில் பெண்ணைப்போல் உடுத்தினாலும், ஆடினாலும், வாத்தியம் வாசித்தாலும், கூலிக்கு ஒரு வீட்டிற்குள் ஆடினாலுங்கூட வாரண்டு இல்லாமல் கைது. இரண்டு வருஷம் வரை சிறை. உயில் எழுதக்கூடாது; தத்து எடுக்கக்கூடாது.

ஆட்டமும் பாட்டுமே அவர்களுடைய சோறு. அதில் மண்ணைப் போட்டார்கள். அவர்கள் நிறுத்தினார்களா? போலீசின் கண்ணுக்கு எட்டாத இடங்களுக்கும், அந்தச் சட்டம் செல்லாத சமஸ்தானங்களுக்கும் போய் ஆடினார்கள். பிறருக்கு விளங்காத ஒரு பாஷையைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். குருவிடமிருந்து சிஷ்யைக்கு வித்தை இறங்கியது. படித்த சீமான்கள் இதைக் கலை என்று ஒப்பமாட்டார்கள். சபாவில் டிக்கெட்டு கிழித்தால்தானே அவர்களுக்குக் கலை!

நம் விழுப்புரம் பக்கத்துக் கூவாகத்திற்குச் சித்திரையில் திருநங்கையர் வந்து, கூத்தாண்டவர் பெயரில் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்துவிட்டு அழுகிறார்கள். அந்த அரவான் கதையில் நமக்குக் கடுகளவும் நம்பிக்கையில்லை. ஆனால், ஊரும் உறவும் விரட்டியவர்கள் வருஷத்தில் சில நாளாவது பயமின்றிக் கூடி, ஆடிப்பாடி, ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இடமாக அதை ஆக்கிக்கொண்டதைப் பரிகசிக்க நமக்கு வாய் வரவில்லை.

377-ஐ 2009-ல் டெல்லி ஹைகோர்ட்டு தளர்த்தியது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு திரும்ப உட்கார வைத்தது. 2018 செப்டம்பர் 6-ந் தேதி, வயது வந்தவர் மனமொத்துக் கூடுவது குற்றமல்ல என்று அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது. மறு வருஷம், மதுரையில் பிறந்து, வீட்டை விட்டு வெளியேறி, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற நர்த்தகி நடராஜ் அவர்களுக்குச் சர்க்கார் பத்மஸ்ரீ கொடுத்தது. ஆடினால் சிறை என்று எழுதி 148 வருஷம் கழித்து, ஆடியதற்குப் பட்டம்!

பட்டம் வந்த பிறகு கைதட்டுவது சுலபம், தோழர்களே. நாளைக்கு உங்கள் வீட்டுப் பையன், தறியிலிருந்து அறுத்த சேலையைத் தன் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்தால், அவனை அடித்துப் பஸ் ஏற்றுவீர்களா, உட்கார வைத்துச் சோறு போடுவீர்களா? இன்றிரவே தாய்மார்களோடு கலந்து பேசுங்கள்.