நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைப் பொதுவா கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவாங்க. இன்னிக்கு ஸ்கேனர் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் இன்ஜினியர் கிடையாது, வங்கியில் கிளார்க். ஆறு வருஷமாக ராத்திரியில் பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்கிறேன். அதில் ஒரு பெரிய தப்பைச் செய்துவிட்டேன். அதைச் சொன்னால் நீங்கள் செய்யாமல் இருப்பீர்கள் என்பதால்தான் வந்தேன்.

எங்கள் பெரியப்பா டவுனில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் எடுபிடி வேலை பார்த்தவர். பிரிண்ட் கழுவுவது, தண்ணி தூக்குவது. பிறகு பழைய கேமரா ஒன்றை வாங்கி எங்கள் சேரியில் கல்யாணம், காதுகுத்து, சாவு, அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம் என்று 2003 வரைக்கும் எடுத்தார். நெகட்டிவ்களை பட்டர் பேப்பரில் சுற்றி பிஸ்கட் டப்பாக்களில் வைத்திருந்தார். நூறு ரோலுக்கு மேல். ஊர்த்தெருவில் ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கே கூப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். நம்மைப் படம் எடுக்க பத்திரிகைக்காரன் வருவான், குடிசை எரிந்த பிறகு. மற்ற நாளில் நாம் எப்படிச் சிரித்தோம், என்ன உடுத்தினோம் என்பதெல்லாம் அந்த டப்பாக்களில்தான் இருந்தது. கொரோனா காலத்தில், 2021ல் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்பே ஸ்கேன் வேலையைத் தொடங்கியிருந்தேன்.

முதல் டப்பாவில் ஒரு பள்ளிக்கூடப் படம். 1979. ஸ்டுடியோ எடுத்ததுதான், நெகட்டிவைப் பெரியப்பா கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். நாலு வரிசை. முன்னால் பெஞ்சில் யார் வீட்டுப் பிள்ளைகள், கடைசியில் நிற்பது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வரிசை ஓரத்தில் எங்கள் அத்தை. ஒன்பது வயது. இருபதில் பிரசவத்தில் செத்துப்போனாள். அவளுக்கு வேறு படம் கிடையாது.

சரி, இப்ப கணக்குக்கு வர்றேன். 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். நாற்பது பிள்ளைகள் நிற்கும் படத்தில் ஒரு முகம் பிலிமில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 47 புள்ளி. 4000 டி.பி.ஐ.யில் 157 புள்ளி. 47 புள்ளியில் அது யாரோ ஒரு பிள்ளை. 157 புள்ளியில் அத்தையின் மூக்குத்தி தெரிந்தது. அதிகத் துல்லியம் எதற்கு, பார்க்க 1200 போதாதா என்று கேட்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் போதும். நமக்குப் பின்வரிசை வேண்டும்.

அதற்காக ஸ்கேனர் பெட்டியில் 7200 என்று அச்சடித்திருந்தால் மயங்கிவிட வேண்டாம். அது மிஷின் எடுக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை. லென்ஸ் அவ்வளவு நுணுக்கத்தைப் பார்க்கிறதா என்பது வேறு விஷயம். சோதனை அட்டை வைத்துப் பார்த்தால் பல மிஷின்கள் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. ஃபைல்தான் பெருக்கும், முகம் தெளியாது. உண்மையான 4000 கிடைத்தால் நம் தேவைக்கு நிறைய.

நல்ல பிலிம் ஸ்கேனர்கள் பலவும் இப்போது பழைய சாமான் சந்தையில்தான் கிடைக்கின்றன. கோனிகா மினோல்ட்டா 2006ல் போட்டோத் தொழிலையே விட்டுப் போனது. நிக்கானும் 2010ஐ ஒட்டி பிலிம் ஸ்கேனரை நிறுத்திவிட்டது. மிஷின் ஓடும், ஆனால் அதன் பழைய சாப்ட்வேர் புது கம்ப்யூட்டரில் ஏறாது. வியூஸ்கேன் போன்ற வேறு சாப்ட்வேர் இருக்கிறது, பழைய மிஷின்களையும் பேச வைக்கும். இல்லையென்றால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஸ்கேனருக்கென்றே ஒதுக்குங்கள். வாங்கும் முன் வயர் எந்த மாதிரி என்று பாருங்கள். ஸ்கசி, ஃபயர்வயர் என்றால் புது கம்ப்யூட்டரில் செருக இடமே இருக்காது.

இனி கோளாறுகள். நான் பட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் கோளாறு, கோடு. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நேராக ஒரு கோடு ஓடும். பெரியப்பா நெகட்டிவைக் கீறிவிட்டார் என்று அவரைத் திட்டினேன். கீறல் நெகட்டிவிலா மிஷினிலா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. பிலிமைத் தலைமாற்றி வைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். கோடு முகத்தோடு சேர்ந்து இடம் மாறினால் அது பிலிமில் இருக்கிறது. முகம் மாறியும் கோடு அதே இடத்தில் நின்றால் மிஷினுக்குள் தூசி. பிலிம் தட்டு வைக்கிற தட்டை ஸ்கேனர்களில் தட்டின் தலைப்பக்கம் ஒரு திறப்பு இருக்கும். மிஷின் வேலை தொடங்கும் முன் அந்த வெறும் வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அங்கே ஒரு தூசி உட்கார்ந்தால் படம் முழுக்கக் கோடு விழும். பெரியப்பா மேல் தப்பில்லை. ஊதி துடைத்தேன், போய்விட்டது.

இரண்டாவது, வெளிச்சமான இடத்தைச் சுற்றிப் புகைமாதிரி பரவுவது. ட்யூப்லைட், வெள்ளை வேட்டி, இவற்றைச் சுற்றி ஒரு ஒளிவட்டம். அது பழைய மிஷினின் உள்கண்ணாடியில் படிந்த தூசி. திறந்து துடைக்கத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கண்ணாடியின் பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கும், அழுத்தித் துடைத்தால் போய்விடும்.

மூன்றாவது, எண்ணெய் மிதக்கும் தண்ணீர்மாதிரி வட்ட வட்டமாக வளையம். நியூட்டன் வளையம் என்று பேர். பிலிமின் பளபளப்பான பக்கம் கண்ணாடியோடு ஒட்டும்போது வரும், மழைக்காலத்தில் அதிகம். கண்ணாடி இல்லாத தட்டில் வைத்தால் வராது. ஆனால் அதில் சுருண்ட பிலிம் நடுவில் வளைந்து பாதிப் படம் மங்கும். அதனால் முதலில் பட்டர் பேப்பருக்குள் வைத்துக் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு வாரம் போடுங்கள். எங்கள் வீட்டில் அம்பேத்கர் தொகுதிகள் அதற்கும் உதவின.

நாலாவதுதான் மோசமானது. தூசி நீக்கும் வசதி என்று ஒன்று இருக்கிறது. அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சிப் பார்க்கும். கலர் பிலிமின் சாயம் அதைத் தடுக்காது, தூசியும் கீறலும் தடுக்கும். எங்கே தடுக்கப்பட்டதோ அதைத் தூசி என்று அழித்து நிரப்பிவிடும். கலருக்கு அருமையான வசதி. ஆனால் பழைய கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள். வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுக்கும். மிஷின் மனுசனையே தூசின்னு நினைச்சுத் துடைச்சிடும். நாலு ரோல் அப்படி எடுத்த பிறகுதான் கவனித்தேன். கறுப்பு வெள்ளைக்கு அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

ஐந்தாவது, ஆட்டோ. நெகட்டிவில் வெள்ளைச் சட்டை அடர்ந்து கிடக்கும், கறுத்த முகம் கண்ணாடிபோல மெலிந்திருக்கும். ஆட்டோவில் விட்டால் சாப்ட்வேர் இரண்டு ஓரத்தையும் வெட்டிப் படத்தை எடுப்பாக்கும். வெட்டப்படுவது நம் முகத்தின் நிழல்கள். இந்தத் தொழிலில் இது புதுசு இல்லை. கலர் பிரிண்ட் போடும் லேப்களுக்குக் கோடாக் அனுப்பிய ஒப்பீட்டு அட்டையில் பல காலம் வெள்ளைத்தோல் பெண்தான் இருந்தாள். ஷெர்லி அட்டை என்று பேர். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. ஆகவே ஆட்டோவை அணைத்து, 16 பிட்டில் எடுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படி, 16 பிட்டில் 65,536. படம் முதலில் சப்பென்று இருக்கும், இருக்கட்டும். பிறகு பிரதி எடுத்து அதில் திருத்திக்கொள்ளலாம்.

ஒரு டப்பாவைத் திறந்ததும் காடி நெடி அடித்தது. அசிடேட் பிலிம் அழுகும் நெடி அது. அதில் ட்ரைஅசிடேட் வகையைக் கோடாக் 1948ல் கொண்டுவந்தது. பத்தாண்டுக்குள் கெட்டுப்போனதாக முதல் புகார் போனது நம் இந்திய அரசிடமிருந்துதான். நம் வெக்கையும் ஈரமும் அப்படி. நெடி அடிக்கும் பிலிமைத் தனியாகப் பிரித்து வையுங்கள், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். பூஞ்சை பிடித்திருந்தால் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், பூஞ்சை அரித்த ஜெலட்டின் கரைந்து படமே ஓடிவிடும்.

ஸ்கேனர் வாங்க வசதி இல்லாத தோழர்கள், வெளிச்சப் பலகை மேல் நெகட்டிவை வைத்து, மேக்ரோ லென்ஸ் போட்ட டிஜிட்டல் கேமராவை ஸ்டாண்டில் நேராகக் கீழ் நோக்கி நிறுத்தி எடுக்கலாம். நன்றாகவே வருகிறது.

இப்போது என் தப்பு.

4000 டி.பி.ஐ., 16 பிட், டிஃப் ஃபைல். ஒரு படம் ஏறக்குறைய 128 எம்.பி. 36 படம் உள்ள ஒரு ரோல் 4.6 ஜி.பி. ஒரு சி.டி.யில் ஐந்து படம்தான் ஏறும். ஆகவே நாற்பது ரோலை ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்தேன். ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். டப்பாவைப் பெரியம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு பெரியம்மா” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அடுத்த வருஷம் தொகுப்பு வீடு கட்ட அவர்கள் கூரை வீட்டைப் பிரித்தார்கள். அண்ணன் சாமான்களை ஒதுக்கும்போது அந்த டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டார். மூணு மாசம் கழித்து என் மேசையிலிருந்து ஹார்ட் டிஸ்க் விழுந்தது. டிக் டிக் என்று சத்தம், அவ்வளவுதான். மீட்டுத்தருபவர்கள் திறந்து பார்த்துவிட்டு உள்தட்டே கீறிவிட்டது என்றார்கள். டப்பா இருக்குமே என்று ஊருக்கு ஓடினேன். அண்ணன் சொன்னார்: “தம்பி, ஏத்தியாச்சுன்னு நீதானே சொன்ன?”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பள்ளிக்கூடப் படத்தில் இப்போது மிச்சம் இருப்பது நான் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி. அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். முன்வரிசை தெரிகிறது. ஆயாவிடம் போனில் காட்டினேன். விரலால் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டு, “புள்ள மூஞ்சி தெரியலையேடா” என்றாள்.

இத்தனைக்கும் நான் வேலை பார்க்கும் இடத்தில் இந்தப் பாடம் தினமும் கண்முன்னால் நடக்கிறது. செக்கை ஊர் ஊராக அனுப்பாமல் ஸ்கேன் செய்து பட்டுவாடா செய்யும் முறை 2008ல் டெல்லியிலும் 2011ல் சென்னையிலும் வந்தது. முன்பக்கம் 100 டி.பி.ஐ.யில் சாம்பல் நிறப் படம், இரண்டு பக்கமும் 200 டி.பி.ஐ.யில் கறுப்பு வெள்ளைப் படம். படம் போய்விட்டது என்று காகிதத்தைக் கிழித்துப் போடுகிறோமா? இல்லை. பத்து வருஷம் பத்திரமாக வைக்க வேண்டும். பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். சாயங்காலம் கணக்கு நேராகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அடுத்தவன் காசுக்கு இவ்வளவு செய்கிற நான், என் அத்தை முகத்துக்கு ஒரு சாவியும் வைக்கவில்லை.

மிச்சமிருந்த ரோல்களுக்கு இப்போது செய்வதைச் சொல்கிறேன். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு, மூன்று-இரண்டு-ஒன்று. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். என்னிடம் ஹார்ட் டிஸ்கில் ஒன்று. ரோலுக்கு ஒரு டி.வி.டி. என்று இன்னொன்று, சரியாக அடங்குகிறது. மூன்றாவது வேறு மாவட்டத்தில் ஒரு தோழர் வீட்டில் ஹார்ட் டிஸ்கில். இணையத்தில் வாடகைக்கு இடம் எடுத்தும் வைக்கலாம். ஆனால் ஒருவர் பேரில் மட்டும் கணக்கு இருந்தால் அவர் பணம் கட்டாத மாசம் எல்லாம் போகும்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் என்று ஒரு எண் எடுத்து எழுதி வைக்கிறேன். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பிரதியையும் ஓடவிட்டு எண்ணைச் சரிபார்க்கிறேன். எங்கள் சாயங்காலக் கணக்கு மாதிரிதான். ஒன்று பிசகியிருந்தால் மற்றதிலிருந்து நகல் எடுத்துக்கொள்ளலாம். சில வருஷத்துக்கு ஒருமுறை ஹார்ட் டிஸ்கையே மாற்றிவிட வேண்டும். அது சாகும் வரை காத்திருக்கக் கூடாது. மூலப் படத்தை டிஃப் ஆகவே வையுங்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் தின்னும், அது அனுப்புவதற்கு மட்டும்.

நெகட்டிவ்கள் இப்போது அமிலமில்லாத காகித உறைகளில், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில், தரையில் படாமல் இருக்கின்றன. பெட்டிமேல் பெரிசாக எழுதியிருக்கிறேன்: ஸ்கேன் செய்தாயிற்று, ஆனாலும் போடக்கூடாது.

கடைசியாக ஒன்று. எவ்வளவு துல்லியமாக ஸ்கேன் செய்தாலும் பேர் அதில் வராது. ஒவ்வொரு படத்தோடும் யார், எங்கே, எந்த வருஷம் என்று ஒரு ஃபைல் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஆயாவிடமும் பெரியம்மாவிடமும் போய் உட்காருகிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சில படத்தை வெளியே காட்டாதே என்பார்கள், அதையும் எழுதுகிறேன். ஆயாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. இன்னும் முப்பது ரோல் பாக்கி.

உங்கள் வீட்டிலும் பரணில் ஒரு டப்பா இருக்கும். கூட்டம் முடிந்ததும் வந்து சொல்லுங்கள், மிஷின் என் வீட்டில்தான் இருக்கிறது. ஸ்கேன் முடிந்ததும் டப்பாவைத் திருப்பித் தருவேன். அதோடு ஒரு ஹார்ட் டிஸ்கும் கையில் தருவேன். இரண்டையும் வைத்திருக்க வேண்டும்.