பிள்ளையின் நன்மைக்கா, பெரியவர் வசதிக்கா?

(சிறுவர்களுக்கு மனநோய் மாத்திரைகள் பெரிதும் தரப்படுவது பிள்ளைகளின் நன்மைக்கே! பெரியவர்களின் வசதிக்கே! என்ற தலைப்பில், ‘பெரியவர்களின் வசதிக்கே’ அணியில் பேசியது.)

எதிரணியில் மாத்திரை அட்டையோட வந்து உட்கார்ந்திருக்கிற அருமைச் சகோதரி அவர்களே! (சிரிப்பு)

சகோதரி புள்ளிவிவரத்தோட பேசினாங்க. 2002-ல் அமெரிக்காவில் 101 ஆட்டிசப் பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சி நடந்தது. ரிஸ்பெரிடோன் சாப்பிட்டவர்களில் 100-க்கு 69 பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 12 பேருக்குத்தான்னு சொன்னாங்க. உண்மை, ஒத்துக்கிறேன்! ஆனா அவங்க எப்படிப்பட்ட பிள்ளைங்க? தன்னையே காயப்படுத்திக்கிற பிள்ளை, அடுத்தவங்களை அடிக்கிற பிள்ளை, கட்டுக்கடங்காம ஆவேசப்படுற பிள்ளை! வகுப்புல சும்மா உட்கார மாட்டேங்குறான்னு அங்கே யாரையும் சேர்க்கலே.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு வரி இருக்கு. அந்தப் பக்கத்தைச் சகோதரி மடிச்சு வச்சுட்டாங்க. (சிரிப்பு) 8 வாரத்தில் மருந்து சாப்பிட்ட பிள்ளைகளுக்குச் சராசரியாக 2.7 கிலோ எடை கூடியது. மற்றவர்களுக்கு 0.8 கிலோதான்.

காதுல ஏதோ குரல் கேட்குதுன்னு நடுங்குகிற 15 வயசுப் பையனுக்கு இந்த மாத்திரை மருந்துதான். அதை என் அணி மறுக்கலே. அந்த எல்லையைத் தாண்டி எங்கெல்லாம் போச்சு என்பதுதான் வழக்கு!

அமெரிக்காவில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசுப் பொறுப்பில் வேறு வீடுகளில் வளரும் பிள்ளைகள் உண்டு. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 5 மாநிலங்களின் 2008-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்து, 2011-ல் அறிக்கை தந்தது. அரசு மருத்துவ உதவி பெறும் மற்ற பிள்ளைகளைவிட இவர்களுக்கு மனநல மருந்துகள் 2.7 முதல் 4.5 மடங்கு வரை அதிகம் எழுதப்பட்டிருந்தன!

அவங்களுக்கு மனக்காயம் அதிகம்னு எதிரணி சொல்லும். சரி! காயம் அதிகம்னா, பக்கத்துல உட்கார்ந்து பேச ஆளும் அதிகமா வேணும். ஆளைக் குறைச்சு மாத்திரையைக் கூட்டினா அது யாருக்கு வசதி? தாயைப் பிரிந்த பிள்ளை அழத்தான் செய்யும். ராத்திரி தூங்காது. தட்டைத் தூக்கி எறியும். நடுவர் அவர்களே, ஏக்கத்துக்கு எந்தக் கம்பெனி மாத்திரை போட்டிருக்கு? (பலத்த கைதட்டல்)

கம்பெனி என்றதும் ஒன்று சொல்லணும். 2013-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன், ரிஸ்பெரிடோன் உள்ளிட்ட சில மருந்துகள் பற்றிய வழக்குகளைத் தீர்க்க 220 கோடி டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டது. அனுமதி இல்லாத நோய்களுக்காகக் குழந்தைகளுக்கும் கொடுக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள் என்பது அரசு வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. பிள்ளை நன்மையா, கல்லாப்பெட்டி நன்மையா? (கைதட்டல்)

விலையைப் பிள்ளைதான் உடம்பால கொடுக்குது. 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதல் தடவையாக ஓலன்சபின் சாப்பிட்ட சிறுவர்களுக்குச் சுமார் 11 வாரத்தில் சராசரியாக 8.5 கிலோ கூடியது. மூணு மாசம்கூட ஆகலே! ரிஸ்பெரிடோனால் சில பையன்களுக்கு மார்பு வளருது. பள்ளிக்கூடத்துல சட்டையைக் கழற்றக் கூசுற பையன் அதை யாருகிட்டே போய்ச் சொல்லுவான்? (அமைதி) வீட்டுல சொல்றாங்க, ‘இப்ப எல்லாம் பையன் அமைதியா இருக்கான்’னு. அமைதியா இருக்கானா, அமுங்கிப் போயிட்டானா?

தாய்மார்களே, ஒரு வேண்டுகோள். என் பேச்சைக் கேட்டு, வீட்டுல இருக்கிற மாத்திரையைத் தூக்கி எறிஞ்சுடாதீங்க. திடீர்னு நிறுத்தினா ஆபத்து. டாக்டர்தான் படிப்படியா குறைக்கணும். ஆனா அவர்கிட்டே மூணு கேள்வி கேளுங்க. இது எந்த நோய்க்கு? எடை, சர்க்கரை, கொழுப்பு எப்பப்போ பார்க்கணும்? இது இன்னும் வேணுமான்னு மறுபடி என்னிக்கு யோசிப்பீங்க?

விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொன்ன ஊர் இது. சில பிள்ளைக்கு மூணு வருஷமும் தேவைப்படலாம். ஆனா அந்தக் கணக்கைப் பிள்ளையின் நோய் போடணும். பெரியவங்க அலுப்பு போடக்கூடாது! எனவே, பெரியவர்களின் வசதிக்கே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)