வேலிக்கு வெளியே ஒரு பாடம்

(ஆண்டு விழாவில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் மேடையேறிப் பேசிப் பழகியவனல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாகக் காலம் கழிப்பவன். "தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், போதும்" என்று நம் செயலாளர் தைரியமூட்டினார். ஆகையால் என் வாழ்வில் நேர்ந்த ஒரு தவற்றையும், அதனால் நான் கற்ற பாடத்தையும் மட்டுமே சொல்லப் போகிறேன்.

2001ஆம் வருஷம், என் இருபத்து நான்காம் வயதில், கரக்பூருக்கு வந்து சேர்ந்தேன். ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றிருந்த பிளாட்பாரம் நம் ஊருடையது. நீளம் 1,072 மீட்டர். அத்தனை நீளப் பிளாட்பாரத்தில் இறங்கிய நான் வாழ்ந்த உலகமோ மிகவும் குறுகியது. காலனியில் நம்மவர் வீடுகள், கோவில், சங்கத்தின் புத்தக அலமாரி, மார்கழி வந்தால் பஜனை. காரியாலயத்தில் ஹிந்தி போதும். அண்டை வீட்டாரோடு பேசக் கொஞ்சம் தெலுங்கு போதும். பதினைந்து வருஷம் வங்காளத்து அரிசியை உண்டும், வங்காள எழுத்து ஒன்றைக்கூட நான் அறியேன். அதை ஒரு குறையாகவும் நான் எண்ணியதில்லை.

2016ஆம் வருஷம் பக்கத்து நிலையம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கிராமத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். சூரத்தில் வேலை பார்க்கும் அவர் மகன், தங்கைக்காக ஒரு தையல் இயந்திரம் அனுப்பியிருந்தான். ரசீது வழியில் தவறிவிட்டது. அதன் கடைசி நான்கு இலக்கங்களை மகன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியனுப்பியிருந்தான். பார்த்தேன், 2809 என்று படித்தேன். பதிவேட்டில் அப்படியோர் எண் இல்லை. "வரவில்லை, நாளை வாரும்" என்று ஹிந்தியில் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல முயன்றார். எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள முயலவுமில்லை. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார்.

மூன்றாம் நாள், அங்கே மூட்டை தூக்கும் வங்காளி இளைஞன் ஒருவன் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டான். வங்காள எண்ணில் நான்கு என்பது நாம் எழுதும் 8 போல் இருக்கும். ஏழு என்பது 9 போல் இருக்கும். எண் 2407! இயந்திரம் முதல் நாளே வந்து, என் முதுகுக்குப் பின்னால் மூலையில் கிடந்தது. உரிய நேரத்துக்குள் எடுக்காததற்கு வார்ஃபேஜ் கட்டணமும் ஏறியிருந்தது.

அதை நானே கட்டினேன். பெரியவர் என்மேல் கோபம் கொள்ளவில்லை. "பாபு, பையன் எண்ணைச் சரியாகத்தானே எழுதியிருந்தான்?" என்று கேட்டாராம், இளைஞன் ஹிந்தியில் சொன்னான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இந்தக் கேள்வியை இன்றளவும் மறக்க முடியவில்லை.

நம் ஊரில் 'இந்தா' என்று ஒரு பேட்டை உண்டு. 'இந்தா, வாங்கிக்கொள்' என்று தமிழிலேயே அழைக்கும் பெயர்! வேலியைத் தாண்டி அங்கே போய், ஓய்வு பெற்ற வங்காளி ஆசிரியர் ஒருவரிடம் எழுத்துப் படிக்க உட்கார்ந்தேன். ஈசுவர சந்திர வித்தியாசாகரர் 1855இல் குழந்தைகளுக்காக எழுதிய 'வர்ணபரிசயம்' என்ற அரிச்சுவடியே எனக்கும் பாடப் புத்தகம். முப்பத்தொன்பது வயதில் வெட்கமாகத்தான் இருந்தது. அவர்கள் எழுத்தில் உள்ள அகரம் வாயில் பெரும்பாலும் ஒகரமாகிவிடும். ஜலம் 'ஜொல்' ஆகும். ரவீந்திரர் 'ரொபீந்த்ரோ' ஆவார். நான் படிக்கப் படிக்க ஆசிரியரின் பேரக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களோடு நானும் சிரிக்கக் கற்றேன். என் மனைவி அவ்வீட்டு அம்மையாரிடம் அவர்கள் முறையில் வாழைப்பூ சமைக்கக் கற்றாள். நம் சாம்பாரை அவர்களுக்குக் கற்பித்தாள்.

"வேற்று மொழி பயின்றால் நம் தமிழ் குறைந்துவிடாதா?" என்று அன்பர் ஒருவர் கேட்டார். எனக்கு நேர்ந்தது வேறு. ஆசிரியர் ஒரு நாள், "உங்கள் ழகரத்தை எப்படி உச்சரிப்பது? எந்த இடத்தில் எழுதுவது?" என்று வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. சங்கத்தின் அலமாரியிலிருந்து இலக்கணப் புத்தகத்தை அன்றுதான் முதன்முதலில் எடுத்தேன்!

சுகமான இடத்தை விட்டுப் புறப்படுதல் பெரியோருக்கே உரியது என்று எண்ண வேண்டாம். கணித மேதை இராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் நம்மைப்போல் ஒரு குமாஸ்தாவே. கடல் கடக்க முதலில் மறுத்தவர், 1914இல் கப்பலேறினார். 1918இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். நம் எழுத்தாளர் த. நா. குமாரஸ்வாமி வங்காளி பயின்றதால் அல்லவா, தாராசங்கரின் 'ஆரோக்கிய நிகேதனம்' நமக்குத் தமிழில் கிடைத்தது? நாம் கப்பலேற வேண்டாம். நூல் பெயர்க்கவும் வேண்டாம். காலனியின் வேலியைத் தாண்டினால் போதும்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு வங்காளிக் குடும்பத்தை அழைத்து வர வேண்டும். பெரியவர்களாகிய நாம் அதற்குள் அவர்களுடைய பத்து எண்களையாவது கற்றுக்கொள்வோம். ஒரு மாலைப் பொழுதில் முடியும் காரியம் அது. அதைச் செய்யாததால் ஒரு முதியவர் மூன்று நாள் நடந்தார் என்பதை நான் அறிவேன்.