மருந்துக்கு அடங்காத கிருமிகளும் நம் கடமையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் முழங்கும் இம்மேடையில் நோயைப் பற்றிப் பேச முன்வந்துள்ளேன். நான் மருத்துவன் அல்லேன். பள்ளியிறுதி வகுப்பு வரை பயின்று, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவன். ஆயினும் சென்ற ஆண்டு என் அன்னையார் மருத்துவமனையில் இருந்த 38 நாட்களில் நான் கற்ற பாடம், புனேயில் வாழும் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் உரியது என்று கருதியே பேசத் துணிந்தேன்.

அன்னையார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை செவ்வனே முடிந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. புண் சீழ் வைத்தது. மருத்துவர் சீழைச் சோதனைச் சாலைக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்த தாளில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. கிருமி அடங்குமாயின் மருந்தின் எதிரே ‘எஸ்’ என்றும், அடங்காதாயின் ‘ஆர்’ என்றும் எழுதியிருப்பார்களாம். பட்டியல்களைச் சரிபார்ப்பதே என் தொழில். ஆனால் அந்தப் பட்டியலைப் பிடித்தபோது என் கை நடுங்கியது. இரண்டு மருந்துகள் நீங்கலாக, மேலிருந்து கீழ்வரை ‘ஆர்’ என்ற எழுத்தே நின்றது. புண்ணை மீண்டும் திறந்து கழுவி, எஞ்சிய மருந்தைச் செலுத்தி, அவரை மீட்டனர். இன்று ஊன்றுகோலின் துணையோடு நடக்கிறார்.

இந்நிலை எவ்வாறு வந்தது? 1928ஆம் ஆண்டில் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். அதற்காக 1945இல் நோபல் பரிசு பெற்ற அவர், போதிய அளவின்றி அம்மருந்தை உட்கொண்டால் எதிர்ப்புத் திறனுள்ள கிருமிகள் தோன்றும் என்று தம் பரிசுரையிலேயே எச்சரித்தார். எச்சரிக்கை பலித்தது. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளை ஒடுக்க 1959இல் மெதிசிலின் வந்தது. 1961இலேயே அதற்கும் அடங்காத கிருமி பிரிட்டனில் காணப்பட்டது.

பாக்டீரியாக்களுள் சில, தக்க சூழலில், இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகப் பெருகுவன. அப்பெருங்கூட்டத்தில் மருந்தைத் தாங்கவல்ல ஒன்றிரண்டு தற்செயலாய்த் தோன்றும். மருந்து மற்றவற்றைக் கொல்ல, இவை எஞ்சித் தழைக்கும். தம் திறனை வேறு கிருமிகளுக்கு வழங்கவும் இவை வல்லன. மருந்து மிகுதியாகப் புழங்கும் மருத்துவமனையே இவற்றின் விளைநிலம். அறுவைப் புண், சிறுநீர்க் குழாய், நரம்பில் ஏற்றிய ஊசி, மூச்சுக் கருவி ஆகியவை இவற்றின் நுழைவாயில்கள். ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்கு இவற்றைச் சுமந்து செல்லும் வாகனம் பெரும்பாலும் மனிதரின் கையே!

கை கழுவுவது சிறு செயலன்று. வியன்னா பொது மருத்துவமனையின் ஒரு பிரசவப் பிரிவில், 1847 ஏப்ரலில், பிள்ளை பெற்ற தாய்மாருள் நூற்றுக்குப் பதினெண்மர் மாண்டனர். பிணச்சோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என உணர்ந்த செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவுமாறு பணித்தார். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து பேணுபவரையும் அவர் எண்ணுகிறார். அந்த நான்காம் கூறு யார்? நாமே அல்லவா?

ஊர்விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே உற்றார். ஒருவர் மருத்துவமனையில் படுத்தால் குடியிருப்பே திரண்டு செல்கிறது. குழந்தைகளும் உடன் வருவர். படுக்கையின் மீதே அமர்வோம். பழத்தை உரித்து ஊட்டுவோம். அன்னையாரிடம் நாள்தோறும் பதினைவர் வந்தனர். அவர்களுடைய அன்பை நான் மறவேன். ஆயினும் வேண்டுகிறேன்: ஒரு வேளைக்கு இருவர் செல்லுங்கள். உள்ளே போகுமுன்னும் வந்தபின்னும் கை கழுவுங்கள். படுக்கையில் அமராதீர்கள், கட்டையும் குழாயையும் தொடாதீர்கள். சளி, காய்ச்சல் உடையோர் செல்லவே வேண்டா. எஞ்சியோர் அவ்வீட்டுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தால் அதுவும் பேணுதலே.

இரண்டாவது, மாத்திரை. என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. தின்று மிஞ்சிய மாத்திரைகள் அதில் கிடக்கும். காய்ச்சல் என்றால் இரண்டு விழுங்குவோம். அண்டை வீட்டார் கேட்டாலும் கொடுப்போம். அன்னையாரைத் தாக்கிய கிருமிக்கு அந்த டப்பாதான் காரணம் என்று கூற இயலாது. ஆனால் அத்தகைய டப்பா ஆயிரமாயிரம் வீடுகளில் உள்ளது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக மாண்டனர் என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

ஜலதோஷமும் இன்புளுயன்சாவும் வைரஸால் வருவன; அவற்றின் மீது ஆன்டிபயாடிக் செல்லாது. மருத்துவர் சீட்டின்றி அதனை வாங்காதீர்கள். வேண்டுமென்று மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். அவர் கூறிய அளவையும் நாட்களையும் நீங்களாக மாற்றாதீர்கள், பிறர்க்கு வழங்காதீர்கள். மாத்திரை அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது சீட்டின்றி வாங்கத்தகாத மருந்து. இதனை மக்களுக்கு உணர்த்த 2016இல் மத்திய அரசே ஓர் இயக்கம் தொடங்கியது.

லோனாவ்லா வண்டியில் செல்கையில் பிம்ப்ரி நிலையத்தைக் கடக்கிறோம். இந்நாட்டு ஏழைக்கும் பெனிசிலின் கிட்ட வேண்டுமென்று, உலக சுகாதார நிறுவனம், யூனிசெப் ஆகியவற்றின் உதவியோடு, 1954இல் அரசு ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தை அமைத்தது அங்கேதான். அவ்வளவு அரிதில் பெற்ற செல்வத்தை நாம் டப்பாவில் போட்டு வீணாக்கலாமா? நம் பேரப்பிள்ளைகளின் பட்டியலில் ‘எஸ்’ என்னும் எழுத்து ஒன்றேனும் மிஞ்ச வேண்டாமா?

என் வீட்டு டப்பாவில் இப்போது பொத்தான்களும் நூற்கண்டும் உள்ளன. இன்று வீடு திரும்பியதும் நீங்களும் உங்கள் டப்பாவைத் திறந்து பார்க்குமாறு வேண்டுகிறேன்.